கைராசியும் கைத்தொழிலும்

போன தை மாதம் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியப்பா முறைக்காரர் ஒருவர், ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நீ கொடுத்து வச்சவ தாயி. ஒத்த ஆளா நின்னும் ரெண்டு பிள்ளையும் கரையேறிருச்சு. மக பேங்க்ல இருக்கா, மகன் சொந்தமா கடை போட்டுட்டான். எத்தன பேருக்கு இந்தக் கொடுப்பின வாய்க்கும்?" பிறகு தம்பி பக்கம் திரும்பி, "இவன் கெட்டிக்காரப் பய. அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தம்பியும் சிரித்தான். எனக்கு மட்டும் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

அவர் நல்ல மனிதர். அப்பா இறந்தபோது காரியச் செலவுக்கு முதல் ஆளாகப் பணம் கொண்டுவந்து வைத்தவர். அன்றைக்கு வாழ்த்தாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் திண்டுக்கல் வந்து சேரும்வரை பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தம்பி கடை போட முதல் கொடுத்தது அம்மா. அந்த முதல், வற்றலும் வடகமும் ஊறுகாயும் விற்றுச் சேர்த்த காசு. நான் வங்கித் தேர்வை மூன்று முறை எழுதித் தோற்று நான்காவது முறை தேறினேன். நான்கு முறையும் விண்ணப்பக் கட்டணம், புத்தகம், மதுரைக்குப் போய்வந்த செலவு எல்லாம் அதே காசுதான். செய்தவர் கொடுத்து வைத்தவர், வாங்கிக்கொண்டவன் கெட்டிக்காரன். இந்தக் கணக்கு எனக்கு நேராகவே இல்லை.

கொடுத்து வைத்தவள் என்ற சொல்லை அதற்குமுன் நான் நின்று பார்த்ததில்லை. அதற்குள் ஒரு வினை இருக்கிறது. கொடுத்தாள், வைத்தாள். யார் கொடுத்தது? அவளேதான். போன பிறவியில் தானமும் புண்ணியமும் செய்து சேர்த்து வைத்தாள், இந்தப் பிறவியில் எடுத்து அனுபவிக்கிறாள். கொடுப்பினை என்பதும் அதே கொடுப்பதிலிருந்து வந்ததுதான். தினமும் வைப்புத்தொகை ரசீது எழுதுகிற எனக்கு இந்தக் கற்பனை நன்றாகவே புரிகிறது. ஆனால் விசித்திரம் பாருங்கள், அவள் ஏதோ செய்திருக்கிறாள் என்று ஒத்துக்கொள்கிற அந்தச் சொல், செய்த காலத்தை மட்டும் யாருக்கும் தெரியாத ஒரு பிறவிக்குத் தள்ளிவிடுகிறது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வடகத்துக்கு மாவு கிண்டியது இந்தப் பிறவியில்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இந்தச் சொற்கள் காதில் விழும்போதெல்லாம் கவனிக்கிறேன். பாக்கியம் என்றால் பங்கு, நமக்கென்று பிரித்து வைத்த பாகம். பேறு என்றால் பெற்றது. யோகம் என்றால் சேர்க்கை, கிரகங்கள் கூடி நின்ற நேரம். எல்லாமே வந்து சேர்ந்ததைச் சொல்கிற சொற்கள். இன்னொரு பக்கம் கெட்டிக்காரன், வல்லவன், திறமைசாலி, தொழில்காரன், விவரமானவன். இவை செய்கிற ஆளைச் சொல்பவை. கெட்டி என்றால் உறுதி, அந்த ஆளே உறுதியானவன் என்று ஆகிறது. இந்த இரண்டாவது வரிசை பெண்கள் பக்கம் வரும்போது கொஞ்சம் கோணிக்கொள்கிறது. வடமொழியில் சமர்த்தர் என்றால் ஆற்றல் உள்ளவர். பல வீடுகளில் பெண்குழந்தையிடம் "சமர்த்தா இரு" என்றால் சத்தம் போடாமல் ஓரமாக உட்கார் என்று அர்த்தம். அவளே வளர்ந்து காரியம் சாதித்தால் "சாமர்த்தியக்காரி" என்பார்கள். அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி தாழும், யாரையோ ஏமாற்றிவிட்டாள் என்பதுபோல.

மாங்காய்ப் பூட்டு

அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் எல்லாரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அதைப் பார்க்க அப்பா இல்லை. அவருடைய கடைசி ஆண்டுகளில் அலிகார் பூட்டு பாதி விலைக்குக் கடைகளில் குவிந்து, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அவர் கைக்கு ரொம்பப் பிடித்தது மாங்காய்ப் பூட்டு. மாங்காய் வடிவத்தில் உடம்பு, உள்ளே லிவர் என்கிற சின்னத் தகடுகள், ஒவ்வொரு லிவரையும் அரத்தால் ராவி ராவி அந்தச் சாவிக்கு மட்டும் தூக்கும்படி இணக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் சாவி திரும்பாது. அவரைப் பற்றிப் பேசும்போது மற்றவர்கள் சொன்ன வார்த்தை "தொழில்காரர்". நுணுக்கமான ஆள், கைத்தொழில் சுத்தம், இப்படி.

அப்பா செய்த பூட்டும் சில சமயம் திரும்பி வரும். திறக்கவில்லை, மாட்டிக்கொள்கிறது என்பார்கள். அப்போது என்ன நடக்கும் என்பதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அப்பா பூட்டை வாங்கிக் காதருகே வைத்துச் சாவியை மெதுவாகத் திருப்புவார். "லிவர் தேஞ்சிருக்கு" என்பார், இல்லையென்றால் "ஸ்பிரிங் போயிருச்சு, எண்ணெய் காட்டல நீங்க" என்பார். கொண்டுவந்தவரும் பக்கத்தில் குனிந்து நின்று பார்ப்பார். அவர் கையில் ஏதோ குறைந்துவிட்டது என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா வாரம் தவறாமல் லாட்டரிச் சீட்டு வாங்கியவர். தமிழ்நாட்டில் அரசே 1968-ல் பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அதன் வாசகம். குலுக்கலில் விழுவதற்குப் பரிசு என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்து நான் வாங்கிய எவர்சில்வர் டம்ளருக்கும் அதே பெயர்தான். 2003-ல் லாட்டரியைத் தடை செய்யும்வரை அப்பா வாங்கிக்கொண்டே இருந்தார். நூறு ரூபாய்க்கு மேல் ஒருநாளும் விழுந்ததில்லை. ராசியில்லாதவர் என்று சொல்ல ஊருக்கு ஒரு சான்று வேண்டுமானால், வாரா வாரம் கிழித்துப் போட்ட அந்தச் சீட்டுகளைவிடப் பெரிய சான்று கிடைக்காது. ஆனாலும் அவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர் தொழில்காரர். சீட்டு விழாதது சீட்டின் பாடு.

ஜாடி

அம்மாவுக்குக் கிடைத்த சொல் கைராசி. நான் மூன்றாவது நான்காவது படிக்கும்போதே அம்மா மாவடு போட்டு விற்கத் தொடங்கியிருந்தார். மாசி பிறந்ததும் நத்தம் பக்கத்திலிருந்து வடு வரும். அம்மா சந்தைக்குத் தானே போய்ப் பொறுக்குவார். கையில் எடுத்து அமுக்கிப் பார்ப்பார், ஒன்றைக் கடித்துக் கொட்டை முற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, துணியில் பரப்பி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிப் பிசறி, ஒரு படி வடுவுக்கு ஓர் ஆழாக்குக் கல்லுப்பு என்று அடுக்கடுக்காகப் போட்டு, மஞ்சளும் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துப் பெரிய பீங்கான் ஜாடியில் இறக்கி வாயை வெள்ளைத்துணியால் கட்டுவார். உப்பு வடுவிலிருந்து தண்ணீரை இழுக்கும், வடு சுருங்கும், ஜாடியில் தண்ணீர் மேலே ஏறும். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரை மோரில் ஒரு சொட்டு விட்டால் போதும்.

அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வாங்கும். "மதினி, உங்க கைராசி யாருக்கும் வராது" என்பார்கள். "நீங்க போட்டா கெடவே கெடாது." சிலர் தங்கள் வீட்டு வடுவையும் உப்பையும் கொண்டுவந்து, அம்மாவை முதல் பிடி உப்பை மட்டும் போடச் சொல்லிவிட்டு எடுத்துப் போவார்கள். தோட்டத்தில் விதை ஊன்ற, பிள்ளைக்கு முதல் சோறு ஊட்ட, கடையில் முதல் போணி செய்ய என்று அம்மாவின் கையைத் தேடி வருவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அம்மாவுக்கும் இருந்திருக்கும். அந்தப் பெருமையை இப்போது திரும்பிப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. அத்தனை வருடத்தில் யாரும் அம்மாவிடம் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றாது. ராசியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதல்லவா? முதல் பிடியை மட்டும் போடச் சொன்னவர்கள் வீட்டு வடு கெட்டும் போகும். "எங்களுக்கு அவ்வளவுதான் கொடுப்பின" என்று சொல்லிக்கொள்வார்கள். இரண்டாவது பிடியிலிருந்து என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

அப்பா இறந்தது 2009 பங்குனியில். ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரி வாசல் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் கல்லூரி விடுதியிலிருந்து விடிகாலை வந்து இறங்கினேன். அதன்பிறகு பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அம்மா நடுவீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில். வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், போவார்கள். காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட அன்று, பின்னறையில் இருந்த இரண்டு ஜாடியின் துணியையும் அம்மா அவிழ்த்தார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. மேலடுக்கு வடு கொழகொழத்து விரலோடு வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஜாடியையும் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டிவிட்டு, முன்பணம் கொடுத்திருந்த வீடுகளுக்கு என்னிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார்.

நான்கு வீடு ஏறி இறங்கியதும் ஊருக்கே தெரிந்துவிட்டது. "அண்ணன் போனதோட மதினி கைராசியும் போயிருச்சு." இதை யாரும் குரோதத்தோடு சொல்லவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். அடுத்த வருடம் அம்மா போட்ட வடு நன்றாகவே வந்தது. வீட்டில் வைத்துச் சாப்பிட்டோம், ஒரு குறையும் இல்லை. ஆனால் கேட்டு வந்தவர்கள் பாதிதான். முதல் பிடி உப்புக்கு ஒருவரும் வரவில்லை. விதை ஊன்றவும் சோறு ஊட்டவும் கூப்பிடவில்லை. தாலி இல்லாத கையை எதற்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைராசி என்று அத்தனை வருடம் கொண்டாடியது இந்தக் கையை அல்ல, பக்கத்தில் உயிரோடு இருந்த ஓர் ஆளை என்று அப்போது ஆகிவிட்டது. ஊறுகாய் குறையக் குறைய அம்மா வடகத்துக்கும் வற்றலுக்கும் மாறினார். அதில்தான் எங்கள் படிப்பும் கடையும் வந்தது.

நானும் அதை நம்பினேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கிக்கொண்டிருந்தேன். 2011-ல் இரண்டாவது முறை தேர்வில் தோற்றுவிட்டு வீட்டில் இருந்த நாளில், அம்மா சந்தையிலிருந்து வடு மூட்டையோடு வேர்த்து வந்து இறங்கியபோது, "விடும்மா, ராசி இல்லாதத ஏன் கட்டிக்கிட்டு மாரடிக்கிற" என்றேன். அம்மா மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நாலு வருடம் கழித்து என் வளைகாப்பின்போது அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தொலைபேசியில்

கல்யாணத்திலிருந்து வந்த அடுத்த மாதம், ஏனென்று தெரியவில்லை, மாவடு போட வேண்டும் என்று இருந்தது. இரண்டு கிலோ வாங்கி வந்து அம்மாவைக் கூப்பிட்டு அளவு கேட்டுக் கேட்டுப் போட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மாவே அழைத்தார். "குலுக்குனியா?" என்றார். எதை என்றேன். "ஜாடியத்தான். காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி, பத்துப் பதினஞ்சு நாளைக்கு விடாமக் குலுக்கணும். தண்ணி ஊறி மேல வர்ற வரைக்கும் மேல இருக்கிற வடு காத்துல நிக்கும். உப்புத்தண்ணி படலேன்னா வெள்ள பூத்துரும்."

வெள்ளை பூத்துவிடும் என்றதும் எனக்கு அந்த இரண்டு ஜாடியும் கண்முன்னால் வந்து நின்றன. "அம்மா, அப்பா போனப்ப நீ என்னைக்கு வடு போட்டிருந்த?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார், "ரெண்டு நாளைக்கு முந்தி." பதினாறு நாள் அம்மா அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க விடவில்லை. தீட்டு வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் தொடவும் கூடாது. "மூணாம் நாளு ஞாபகம் வந்துச்சு. உங்க அத்தகிட்ட, அந்த ஜாடியச் செத்தக் குலுக்கி விடுங்கன்னு சொன்னேன். 'இந்த நேரத்துல உனக்கு ஊறுகா முக்கியமா'ன்னு கேட்டுட்டாங்க. கேட்டதும் நியாயந்தான். அதுக்கப்புறம் நான் வாயத் திறக்கல."

"அப்புறமாச்சும் சொல்லிருக்கலாம்லம்மா. எல்லாரும் ராசி போயிருச்சுன்னு பேசுனப்ப."

"யாரு கேட்டா?"

வங்கிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் அப்படியே அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றேன். அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. குழி வெட்டிக் கொட்டிய அன்றைக்கே தெரிந்திருந்தது. பூட்டு கெட்டு வந்தபோது எல்லாரும் குனிந்து லிவரைப் பார்த்தார்கள். வடு கெட்டபோது ஒருவரும் ஜாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே இருந்தது ராசி இல்லை, பதினாறு நாள் யாரும் குலுக்காத ஒரு ஜாடி. அம்மாவின் கையைச் சுவரோரம் உட்கார வைத்த வழக்கம்தான் வடுவைக் கெடுத்தது. கெடுத்துவிட்டு, கெட்டதற்குக் காரணம் அந்தக் கைதான் என்றும் சொன்னது.

அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்கு நேர்ப்பொருள் பார்க்கப்படாதது, கண்ணுக்குத் தெரியாதது. பூசணிக்காய் உடைத்துக் கழிக்கிறோமே, அந்தத் திருஷ்டியும் அதே வேர்தான், பார்வை என்று அர்த்தம். இதைப் படித்தது எப்போதோ. அன்றைக்குத்தான் அது எங்கள் பின்னறையோடு வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாதது என்று நாம் சொல்வதில் பாதி, யாரும் எட்டிப் பார்க்காதது. அம்மா தினமும் இருட்டறைக்குள் போய் ஜாடியைக் குலுக்கியதை நானே பார்த்ததில்லை. பார்க்காத இடத்தில் ஒரு சொல் தேவைப்பட்டது, கைராசி என்று வைத்துக்கொண்டோம். திறமை என்று சொல்லியிருந்தால் திறமைக்கு அப்பா போனதோடு போக வழியில்லை. ராசிக்கு வழி இருந்தது.

ஊழ் இல்லையா என்றால்

இதைச் சொன்னபோது வங்கியில் ஒரு தோழி கேட்டாள், "அப்ப அதிர்ஷ்டம்னு ஒண்ணு கிடையாதுங்கறியா?" அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் எனக்கு அது கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மாவட்ட மைய நூலகம் இருந்தது, நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க முடிந்தது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தேர்வெழுதி வேலைக்குப் போனவுடன் தன் புத்தகக் கட்டு முழுவதையும் என்னிடம் கொடுத்தார். நான்காவது தேர்வுக்கு முந்தின நாள் எனக்கிருந்த காய்ச்சல் ராத்திரியே விட்டது. என்னோடு நூலகத்தில் படித்த இரண்டு பெண்கள் என்னைவிடக் கணக்கில் வேகம். ஒருத்திக்கு நடுவில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். இன்னொருத்தியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அவள் நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள். நான் திறமையால் மட்டும் இங்கே வந்தேன் என்று சொன்னால் அந்த இருவரையும் திறமையில்லாதவர்கள் என்று சொன்னதாகிவிடும். அது பொய்.

வள்ளுவர் ஊழைப் பத்துக் குறளில் பேசும்போது இதை நேராகவே சொல்கிறார். "இருவேறு உலகத்து இயற்கை திருவேறு தெள்ளிய ராதலும் வேறு." செல்வம் வாய்ப்பது ஒன்று, தெளிந்த அறிவு இருப்பது இன்னொன்று, இரண்டையும் குழப்பாதே என்றுதான் எனக்குக் கேட்கிறது. முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இன்னும் அழுத்தமாக ஒரு குறள் இருக்கிறது. "பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி." இங்கே பொறி என்பதற்கு விதி என்று பொருள் கொள்கிறார் பரிமேலழகர். நல்ல விதி இல்லாதது யாருக்கும் பழியில்லை. யார்க்கும் என்ற அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். கணவனை இழந்தவளுக்கும் சேர்த்துத்தானே யார்க்கும்? நாங்கள் அதைத்தான் பழியாக்கினோம். "காலடி எடுத்து வைத்த நேரம்" என்று புது மருமகள் மேல் சொல்வதும், "இவள் பிறந்த ராசி" என்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளைமேல் சொல்வதும் அந்தப் பழிதான்.

ஊழ் என்ற சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. விதி என்ற பொருளுக்கு வெளியே, அதற்கு முறை என்றும் பொருள் உண்டு. ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல். பூ தன் நேரத்தில் விரிவதைச் சொல்கிற வினை. நத்தத்து மரத்தில் அந்த ஆண்டு பூ எத்தனை நிற்கும், பங்குனிக் காற்றில் எத்தனை வடு உதிரும் என்பதெல்லாம் அம்மா கையில் இல்லை. அது ஊழ் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். வடு ஜாடிக்குள் இறங்கிய பிறகு நடப்பதற்கு வேறு பெயர் வேண்டும். பெயர் நம்மிடம் இல்லாமலும் இல்லை. கைப்பக்குவம் என்கிறோம், கைப்பதம் என்கிறோம், கைவந்துவிட்டது என்கிறோம். இவற்றிலும் கை இருக்கிறது, ஆனால் பழகிய கை. கைராசி என்ற இடத்தில் கைப்பக்குவம் என்று அந்தத் தெருவில் யாராவது சொல்லியிருந்தால், 2010-ல் ஒருவராவது வந்து, "மதினி, போன வருசம் எங்க பக்குவம் தப்புச்சு?" என்று கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா சொல்லியிருப்பார்.

வைகாசியில் ஒரு பாட்டில் வடுவை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போனேன். போன உடனே சொல்லிவிட வேண்டும் என்று இருந்ததால், அம்மா வாசலில் கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். "நான் அன்னைக்கு ராசி இல்லாததுன்னு சொல்லிட்டேன்மா. மூட்டையோட வந்து எறங்குனியே, அன்னைக்கு." அம்மாவுக்கு எந்த நாள் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நீ மட்டுமா சொன்ன" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ சொன்னதுதான் ரொம்ப நாளு இருந்துச்சு" என்றார். நான் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் திறந்து முதலில் முகர்ந்து பார்த்தார், பிறகு ஒரு வடுவை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். கொட்டைப் பக்கம் வரைக்கும் கடித்துப் பார்த்தார்.

"உப்பு ஒரு பிடி கம்மி" என்றார். "காம்ப அடியோட கிள்ளிட்ட பாரு, அதான் இந்த எடத்துல நைஞ்சிருக்கு. கொஞ்சம் காம்பு விட்டுக் கிள்ளணும். குலுக்குனதெல்லாம் சரியாத்தான் குலுக்கிருக்க."